மைதானம் நிறைந்தது, வாக்கு ஏன் நிறையவில்லை?

(மக்களவைத் தேர்தல் முடிவுகளையொட்டி, 2024 ஜூலை மாதத்தில் தெற்குக் கொல்கத்தாவில் தமிழ்த் தோழர்களும் ஆதரவாளர்களும் பங்கேற்ற கூட்டமொன்றில், கல்லூரி மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இந்தக் கூட்டத்தில் பேச அழைத்தபோது, தேர்தல் பற்றிக் கட்சியின் பரிசீலனையை எடுத்துரைக்கும் தகுதி எனக்கு இல்லை என்றேன். “பரிசீலனையைக் குழுக்கள் செய்துகொள்ளும், முதன்முறை வாக்களித்த மாணவி என்ற முறையில் உன் கருத்தைச் சொல், அதுவே எங்களுக்கு வேண்டும்” என்று தோழர்கள் கூறினார்கள். ஆகவே இங்கே நான் சொல்லப்போவது என் சொந்தக் கருத்து. அதில் தவறு இருந்தால் திருத்துங்கள். கசப்பு இருந்தால், அது அக்கறையிலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 1ஆம் தேதி, ஏழாவது கட்ட வாக்குப்பதிவில், தெற்குக் கொல்கத்தா தொகுதியில் என் முதல் வாக்கைச் செலுத்தினேன். விரல் நகத்தில் அந்த மை இன்னும் முழுதாக மறையவில்லை. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பு, ஏப்ரல் 19 அன்று, மதுரையில் என் மாமா வாக்களித்தார். இருவரும் ஒரே சின்னத்துக்குத்தான் வாக்களித்தோம். அரிவாள், சுத்தியல், நட்சத்திரம். மாமாவின் வாக்கு தோழர் சு.வெங்கடேசனை இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. என் வாக்கைப் பெற்ற தோழர் சாயிரா ஷா ஹலீம் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். முடிவு வந்த அன்று இரவு மாமா தொலைபேசியில் அழைத்து, “அங்கே என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சிதான் இந்த உரை.

முடிவு சொல்வது என்ன?

நாடு தழுவிய அளவில் இந்த முடிவு மகிழ்ச்சிக்குரியது. நானூறு இடங்கள் என்று முழங்கிய பாஜக, 240 இடங்களோடு நின்றது. தனிப்பெரும்பான்மை பறிபோனது. அரசமைப்புச் சட்டத்தை மாற்றிவிடுவார்களோ என்ற அச்சம் தலித் மக்களையும் பிற்படுத்தப்பட்ட மக்களையும் சிறுபான்மையினரையும் வாக்குச்சாவடிக்குத் திரளாக அழைத்து வந்தது. தமிழ்நாட்டில் மார்க்சிஸ்ட் கட்சியும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் போட்டியிட்ட நான்கு இடங்களிலும் வென்றன. ராஜஸ்தானின் சிகாரில், விவசாயிகள் இயக்கத்தின் தலைவரான தோழர் அம்ரா ராம் வென்றார்.

மேற்கு வங்கத்துக்கு வாருங்கள். 42 இடங்களில் திரிணாமுல் 29, பாஜக 12, காங்கிரஸ் 1. இடது முன்னணிக்கு ஒன்றுமில்லை. முர்ஷிதாபாத்தில் தோழர் முகமது சலீம் இரண்டாம் இடம் பெற்றது ஓர் ஆறுதல். 2019 மக்களவைத் தேர்தலில் பூஜ்யம், 2021 சட்டமன்றத் தேர்தலில் பூஜ்யம், இப்போதும் பூஜ்யம். 2004ஆம் ஆண்டு இதே மாநிலத்திலிருந்து இடது முன்னணியின் 35 உறுப்பினர்கள் மக்களவைக்குச் சென்றார்கள். அந்த வலிமை இருந்ததால்தான் 2005இல் ஊரக வேலை உறுதிச் சட்டமும் தகவல் உரிமைச் சட்டமும், 2006இல் வன உரிமைச் சட்டமும் நாட்டுக்குக் கிடைத்தன. அப்போது நான் குழந்தை. என் தலைமுறைக்கு அந்த 35 ஒரு கதை. இந்தப் பூஜ்யம்தான் நேரில் கண்ட உண்மை.

தேர்தல் முறையில் அநீதி இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. 2019ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் பாஜகவின் வாக்கு விகிதம் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் குறைந்தது. இடங்களோ 63 குறைந்தன. வங்கத்தில் சுமார் ஆறு சதவீத வாக்குப் பெற்ற இடது முன்னணிக்கு ஓர் இடமும் இல்லை. ஆகவே விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற நம் கோரிக்கை நியாயமானது. ஆனால் 2004இல் சுமார் பாதி வாக்குகளைப் பெற்று ஆறில் ஐந்து பங்கு இடங்களை நாம் வென்றபோதும் இதே முறைதான் இருந்தது. தோற்றபின் மட்டும் முறையைக் குறை கூறுவதாக இளைஞர்கள் நினைத்தால், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

‘ஆகே ராம், போரே பாம்’ என்றொரு முழக்கம் 2019இல் இங்கே காதோடு காதாகப் பரவியதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். முதலில் ராமர், பிறகு இடதுசாரி. அதாவது முதலில் பாஜகவைக் கொண்டு திரிணாமுலை வீழ்த்துவோம், பிறகு செங்கொடிக்குத் திரும்புவோம் என்பது அதன் பொருள். 2014இல் சுமார் 30 சதவீதமாக இருந்த இடது முன்னணியின் வாக்கு, ஐந்தே ஆண்டுகளில் ஏழு சதவீதத்தைச் சற்றே தாண்டிய நிலைக்கு இறங்கியது. பாஜகவின் வாக்கு 17 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்தைத் தாண்டியது. ‘முதலில்’ என்று சொல்லிப் போனவர்களில் பெரும்பாலோர் இன்னும் திரும்பவில்லை. வகுப்புவாதத்தைச் சிறிது காலத்துக்கு இரவல் வாங்கிப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது என்பதை வங்கம் பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது.

ஒரே பகுதி, நான்கு தேர்தல்கள்

நாம் இப்போது கூடியிருக்கும் இடத்துக்கு அருகிலேயே உள்ள பாலிகஞ்ச் சட்டமன்றத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 2021 சட்டமன்றத் தேர்தலில் நம் வேட்பாளர் அங்கே பெற்றது ஆறு சதவீதத்துக்கும் குறைவான வாக்கு. அந்தத் தேர்தல் முடிந்த நாட்களில்தான் கொரோனாவின் இரண்டாம் அலை நகரைச் சூறையாடியது. ஒரு தொகுதியில்கூட வெல்லாத கட்சியின் இளைஞர்கள் ‘ரெட் வாலண்டியர்ஸ்’ என்ற பெயரில் ஆக்சிஜன் சிலிண்டரை இரு சக்கர வண்டியில் கட்டிக்கொண்டு இரவெல்லாம் ஓடினார்கள். அப்போது நான் பள்ளி மாணவி. எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்த அண்ணன் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்கவில்லை. அந்த இரவுதான் என்னை இந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

அந்த ஆண்டு டிசம்பரில் கொல்கத்தா மாநகராட்சித் தேர்தல் நடந்தது. வன்முறைக்கும் முறைகேட்டுக்கும் நடுவே, இடது முன்னணி வாக்கு விகிதத்தில் பாஜகவை முந்தி இரண்டாம் இடத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் பாலிகஞ்ச் இடைத்தேர்தல். தோழர் சாயிரா சுமார் 30 சதவீத வாக்குகளுடன் இரண்டாம் இடம் பெற்றார். பாஜக மூன்றாம் இடத்துக்குப் போனது. ஓராண்டுக்குள் ஆறிலிருந்து முப்பது!

2024இல் அதே பாலிகஞ்சை உள்ளடக்கிய மக்களவைத் தொகுதியில் அதே வேட்பாளர் மூன்றாம் இடத்தில் நின்றார். இதிலிருந்து எனக்குப் புரிவது இரண்டு விஷயங்கள். ஒன்று, மக்கள் நம்மை மறந்துவிடவில்லை. தங்கள் தெருவில் நம்மைப் பார்த்தால் திரும்பி வருகிறார்கள். இரண்டு, டெல்லியில் யார் ஆள்வது என்ற கேள்வி எழும்போது, ‘நல்லவர்கள்தான், ஆனால் இவர்களால் என்ன ஆகும்?’ என்று நம்மைக் கடந்து போகிறார்கள். மோடியைத் தடுக்க வேண்டும் என்போர் திரிணாமுலுக்கும், மம்தாவைத் தண்டிக்க வேண்டும் என்போர் பாஜகவுக்கும் வாக்களிக்கிறார்கள். இந்த இருமுனைப் போட்டியை ஊடகங்கள் ஊதிப் பெருக்குகின்றன என்பது உண்மை. ஆனால் அதை உடைக்கும் வலிமை தேர்தலுக்கு முந்தைய இரண்டு மாதப் பிரச்சாரத்தில் மட்டும் கிடைத்துவிடாது.

இவ்வாண்டு ஜனவரி 7ஆம் தேதி நானும் பிரிகேட் பரேடு மைதானத்தில் இருந்தேன். கூச்பிகாரில் நவம்பர் 3 அன்று தொடங்கிய வாலிபர் சங்கத்தின் இன்சாஃப் யாத்திரையின் நிறைவுப் பொதுக்கூட்டம் அங்கே நடந்தது. தோழர் மீனாட்சி முகர்ஜி பேசும்போது பக்கத்தில் நின்ற முதியவர் அழுதார். மைதானம் நிறைந்திருந்தது. ஐந்து மாதங்கள் கழித்து வாக்கு இயந்திரங்கள் வேறு கதை சொன்னபோது என் வகுப்புத் தோழன் கேட்டான்: “வந்தவர்களெல்லாம் எங்கே போனார்கள்?” வந்தவர்கள் உண்மையானவர்கள். அவர்களுடைய பாசமும் உண்மையானது. ஆனால் பிரிகேடிலிருந்து வீடு திரும்பிய தோழருக்கு, அவருடைய கிராமத்து வாக்குச்சாவடியில் முகவராக உட்காரப் பக்கத்துணை இருந்ததா? மறுநாள் காலை அவரைத் தேடி வந்து பேச ஒரு கிளை இருந்ததா? மைதானத்துக்கும் வாக்குச்சாவடிக்கும் இடையே உள்ள அந்தத் தூரத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

பூட்டிய அறையும் திறந்த வாக்குச்சாவடியும்

61ஆவது அரசமைப்புத் திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்து, வாக்களிக்கும் வயது 21லிருந்து 18 ஆனது. வங்கத்தில் இடது முன்னணி அரசு அதற்கு முன்பே நகராட்சித் தேர்தல்களில் 18 வயதினருக்கு வாக்குரிமை தந்திருந்தது. இளைஞனுக்குச் சிந்திக்கத் தெரியும் என்ற நம்பிக்கையின் வெளிப்பாடு அது.

இன்று என் நிலை என்ன? நாட்டின் பிரதமர் யார் என்று தீர்மானிக்க எனக்கு உரிமை உண்டு. ஆனால் நூலகம் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று பேச, என் கல்லூரியில் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க எனக்கு உரிமை இல்லை. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். நிலைமை ஒன்றிரண்டு கல்லூரிகளோடு நிற்பதும் இல்லை. 2017க்குப் பிறகு இம்மாநிலத்தின் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் சங்கத் தேர்தல் நடக்கவே இல்லை. 2019இல் பிரசிடென்சியிலும் 2020இல் ஜாதவ்பூரிலும் தேர்தல் நடந்தது. பிரசிடென்சியில் இந்திய மாணவர் சங்கம் வென்றது. பிறகு அங்கும் கதவு மூடிக்கொண்டது. எங்கள் கல்லூரியில் சங்க அறை இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட சங்கம் இல்லை. யாரும் தேர்ந்தெடுக்காத சிலர் மாணவர் பெயரால் விழா நடத்துகிறார்கள்.

2013இல் மாணவர் சங்கத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டதை எதிர்த்து நடந்த மறியலில் கைதாகி, ஏப்ரல் 2 அன்று போலீஸ் காவலில் உயிரிழந்தார் தோழர் சுதிப்தோ குப்தா. அவர் கேட்டது ஒரு வாக்குச்சீட்டு. பதினொரு ஆண்டுகள் ஆகியும் எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

கல்லூரியில் உள்ள இதே நிலைதான் கிராமத்திலும். 1978இல் இடது முன்னணி அரசு மூன்றடுக்கு ஊராட்சித் தேர்தலை நடத்தியது; குத்தகை விவசாயியின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது. அந்த மண்ணில் 2018 ஊராட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்கள் போட்டியின்றியே ‘வெல்லப்பட்டன’. வகுப்புத் தலைவனையும் ஊராட்சி உறுப்பினரையும் தேர்ந்தெடுத்துப் பழகாத இளைஞன், ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை தேசியத் தேர்தலில் மட்டும் கொள்கையைப் பார்த்து எப்படி வாக்களிப்பான்? அவன் தொலைக்காட்சியில் தெரியும் இரண்டு முகங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுப்பான். ஆகவே மாணவர் சங்கத் தேர்தலை வளாகத்துக்குள் அடங்கிய சிறு கோரிக்கையாகக் கருதாதீர்கள். தேசிய ஜனநாயகத்தின் வேர் அங்கே இருக்கிறது.

மாஷியின் ஆயிரத்து இருநூறு ரூபாய்

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் மாஷி, கேனிங் ரயிலில் விடியற்காலையில் புறப்பட்டு வருகிறார். ஒரு நாள் அவரிடம் தேர்தல் பற்றிப் பேசினேன். “மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய் என் பெயரில் வருகிறது. அதற்குக் கணவரிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஆட்கள் அதைப் பிச்சை என்கிறார்கள். நான் பிச்சைக்காரியா?” என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன்.

லட்சுமிர் பண்டார் திட்டத்தை நம் பக்கத்தில் சிலர் அப்படிப் பேசியது உண்மை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் முதல் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கப்படுகிறது. அதன் பெயர் மகளிர் உரிமைத் தொகை. ஊதியமற்ற வீட்டு உழைப்புக்கு அங்கீகாரம் என்று அங்கே நாம் வரவேற்றோம். மதுரையில் உரிமையாக இருப்பது கேனிங்கில் பிச்சையாகிவிடுமா? அந்தத் தொகையை ஆளுங்கட்சியின் கருணையாகக் காட்டுவதை எதிர்ப்போம். அதைச் சட்டபூர்வ உரிமையாக்கக் கோருவோம். நூறு நாள் வேலைக்கான நிதியை ஒன்றிய அரசு 2022 முதல் வங்கத்துக்குத் தராமல் நிறுத்தி வைத்திருப்பதையும், அதற்குக் காரணமாகக் காட்டப்படும் மாநில அரசின் ஊழலையும், ஒரே மூச்சில் கண்டிப்போம். இவ்வாறு பேசினால் மாஷி காது கொடுப்பார்.

கேள்விகளுக்கு ஒளியாமல் பதில்

கல்லூரி வாசல் தேநீர்க் கடையில் நண்பர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்பது இதுதான்: “தமிழ்நாட்டில் காங்கிரசோடும் திமுகவோடும் சேர்ந்து நிற்கிறீர்கள். கேரளத்தில் காங்கிரசை எதிர்க்கிறீர்கள். வங்கத்தில் காங்கிரசோடு சேர்ந்து, ‘இந்தியா’ கூட்டணியிலேயே உள்ள திரிணாமுலை எதிர்க்கிறீர்கள். இது என்ன அரசியல்?”

ஒவ்வொரு மாநிலத்திலும் பாஜகவைத் தோற்கடிக்கும் வழி வேறு என்பது என் பதில். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்தப் பதிலை நாம் தயங்கித் தயங்கிச் சொல்கிறோம். அதனால் அது சந்தர்ப்பவாதம் போல் ஒலிக்கிறது. ஒளிக்காமல் சொல்லும்போது நம்புகிறார்கள். ஓர் உதாரணம்: தேர்தல் பத்திரம். அந்தத் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களில் நம் கட்சியும் ஒன்று. பத்திரம் வழியாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று அத்திட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வெளிவந்த விவரப்படி பாஜகவுக்குச் சென்றது ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். திரிணாமுலுக்கு 1,600 கோடிக்கு மேல். மிக அதிகமாகப் பத்திரம் வாங்கிய நிறுவனம் கோவையைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனம். 1,368 கோடி ரூபாய்! தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. கொல்கத்தாவின் நடைபாதைகளில் சிறு மேசை போட்டு அது விற்கப்படுகிறது. ரிக்‌ஷா இழுப்பவர் கிழித்துப் போடும் சீட்டின் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொன்னபோது என் நண்பர்கள் வாயடைத்துப் போனார்கள்.

உடனே ஒருத்தி கேட்டாள்: “அந்த நிறுவனத்தின் பணம் திமுகவுக்கும் போனதே?” ஆம், போனது; அந்தப் பணத்தின் பெரும்பகுதி திரிணாமுலுக்கும் திமுகவுக்குமே போனது என்றேன். வகுப்புவாதத்தை எதிர்ப்பதில் திமுக நம் தோழமைக் கட்சி. பத்திர விஷயத்தில் நாம் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்த முறையால் அதுவும் பயன் அடைந்தது. இரண்டும் உண்மை. இதைச் சொன்னதால் நான் அவளை இழக்கவில்லை. மறைத்திருந்தால் இழந்திருப்பேன்.

இளைஞர்களிடம் பேச நமக்கு விஷயமா இல்லை? 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய நீட் தேர்வின் முடிவு, தேர்தல் முடிவு வந்த அதே ஜூன் 4 அன்று வெளியானது. வினாத்தாள் கசிவுப் புகாரில் நாடே கொந்தளித்தது. ஜூன் 18 அன்று நடந்த யுஜிசி நெட் தேர்வு மறுநாளே ரத்தானது. இங்கே வங்கத்தில், ஆசிரியர் நியமன ஊழலில் 25,753 நியமனங்களை ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்திருக்கிறது. வேலை மறுக்கப்பட்ட தகுதியுள்ளவர்கள் காந்தி சிலை அடியில் ஆயிரம் நாட்களுக்கு மேல் அமர்ந்திருந்தார்கள். டெல்லி ஆட்சியும் கொல்கத்தா ஆட்சியும் ஒரே தலைமுறையின் எதிர்காலத்தை இரு பக்கமும் அரிக்கின்றன. இரண்டையும் ஒரே குரலில் எதிர்க்கும் தார்மிக வலு நம் ஒருவருக்கே உண்டு.

நான் வேண்டுவது

மூன்று வேண்டுகோள்களோடு நிறைவு செய்கிறேன். மாணவர் சங்கத் தேர்தல் கோரிக்கையை மாணவர் அமைப்பின் தோளில் மட்டும் விட்டுவிடாமல், தொழிற்சங்கமும் மாதர் சங்கமும் கட்சியும் சேர்ந்து சுமக்க வேண்டும். இளம் வேட்பாளர்களை நிறுத்தியதை மனமார வரவேற்கிறேன். தேர்தல் முடிந்தபின் அவர்கள் அந்தத் தொகுதியிலேயே தங்கிப் பணியாற்றவும், முடிவெடுக்கும் இடங்களில் அமரவும் வழி செய்ய வேண்டும். மூன்றாவது, மக்கள் ஏமாந்துவிட்டார்கள், விலைபோய்விட்டார்கள் என்ற பேச்சை நாம் கைவிட வேண்டும். மாஷி ஏமாறவில்லை. தமக்குத் தெரிந்த உலகில் தமக்குக் கிடைத்த பாதுகாப்பைப் பற்றிக்கொண்டார். அதைவிட உறுதியான பாதுகாப்பு நம்மிடம் இருக்கிறது என்பதை அவருடைய தெருவில்தான் காட்ட முடியும்.

கோரிக்கை வைத்தவள் சும்மா இருக்கக்கூடாது. எங்கள் வார்டில் ரயில் பாதையோரக் குடியிருப்பில் வாரம் மூன்று மாலைகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர நாங்கள் நான்கு மாணவிகள் இந்த மாதம் தொடங்கியிருக்கிறோம். முதல் நாள் ஆறு பிள்ளைகள் வந்தார்கள். சென்ற வாரம் பத்தொன்பது. அவர்களுடைய தாய்மார்கள் வாசலில் நின்று எங்களைக் கவனிக்கிறார்கள். “தேர்தல்தான் முடிந்துவிட்டதே, இப்போது ஏன் வருகிறீர்கள்?” என்று அவர்களில் ஒருவர் கேட்டார். அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2026இல் வரும். அதற்குள் அவர் அந்தக் கேள்வியை மறந்துவிடும் அளவுக்கு நாங்கள் அங்கே இருந்தாக வேண்டும்.

இங்குள்ள தோழர்களில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தரக் கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். மாமாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பெயர்ப் பட்டியலோடு இன்றிரவு அவரை அழைக்கிறேன்.